முதல் பேக்பேக் பயணம்: நாட்டை எண்ணாதீங்க, பார்டரை எண்ணுங்க

செமஸ்டர் லீவு நெருங்கினால் ஹாஸ்டல் அறைகளில் ஒரு லிஸ்ட் போடுவாங்க. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம். பத்து நாள், ஐந்து நாடு, ஆளுக்கு நாற்பதாயிரம். இன்ஸ்டாவில் ஒருத்தர் போயிட்டு வந்த ரீல் சாட்சி. லீவு முடியும்போது அந்த லிஸ்டில் இருந்த யாரும் குற்றாலம் ஐந்தருவியைத் தாண்டிப் போயிருக்க மாட்டாங்க.

காரணம் பணம் இல்லாதது மட்டும் இல்லை. லிஸ்ட் தப்பு. நமக்கு பார்டர்னா பிரானூர், பார்டர்னா பரோட்டா. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு போக யாரும் முத்திரை குத்துறதில்லை. வெளிநாட்டில் ஒவ்வொரு பார்டருக்கும் ஒரு விலை உண்டு: விசா கட்டணம், புது சிம், பணம் மாத்துற நஷ்டம், ஒரு நாள் அலைச்சல். அதனால முதல் பயணத்துக்குக் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாடு பார்க்கலாம்" இல்லை. "என் காசுக்கு எத்தனை பார்டர் தாங்கும்" என்பதுதான். தென்காசியில் இருந்து கிளம்புற ஒரு மாணவருக்கு இதற்கு நியாயமான பதில்: இரண்டு நாடு, ஒரே கோட்டில்.

எந்தக் கோடு?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டணம் இல்லாத, ஒன்றோடொன்று தரைவழியாக ஒட்டிய இரண்டு நாடுகள் மலேசியாவும் தாய்லாந்தும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்குது. 2026 கடைசி வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கு. தாய்லாந்து 2024 ஜூலையில் விசா இல்லாத தங்கலை 60 நாளாக்கியது. இந்த நாள் கணக்கை அரசாங்கங்கள் அடிக்கடி மாத்தும். டிக்கெட் போடுற அன்றைக்கு அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் ஒரு தடவை பாருங்க.

விசா வேண்டாம் என்றால் ஃபார்மும் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. மலேசியாவுக்கு டிஜிட்டல் அரைவல் கார்டு, தாய்லாந்துக்கும் 2025 மே முதல் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் நாட்டுக்குள் நுழையும் தேதிக்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பணும். இரண்டும் இலவசம். காசு கேட்கிற பக்கம் வந்தால் அது புரோக்கர் பக்கம், மூடிடுங்க.

வழி இப்படி: திருவனந்தபுரத்தில் இருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், படகில் பினாங்கு. திரும்ப பட்டர்வொர்த் வந்து ரயிலில் எல்லை நிலையமான பாடாங் பெசார். அங்கே தாய்லாந்து ரயில் ஏறி ஹாட் யாய் வழியாக பாங்காக். கடைசியில் பாங்காக்கில் இருந்து கொச்சி அல்லது சென்னை விமானம். போன வழியே திரும்பி வர வேண்டாம், அந்தச் செலவு மிச்சம்.

ஏன் திருவனந்தபுரம்? தென்காசியில் இருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். மதுரை அதைவிட தூரம். திருச்சி கிட்டத்தட்ட மூணு மடங்கு. திருச்சியில் டிக்கெட் ஆயிரம் ரூபாய் குறைவா இருக்குன்னு ஓடாதீங்க, பஸ் காசும் ஒரு ராத்திரித் தூக்கமும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. திரும்பும்போது கொச்சியில் இறங்கினால் பக்கத்திலேயே ஆலுவா ஸ்டேஷன். பாலருவி எக்ஸ்பிரஸ் அங்கே நின்று, கொல்லம், புனலூர் வழியாக நம்மைத் தென்காசியில் கொண்டுவந்து விடும்.

பாடாங் பெசாரில் இரண்டு விஷயம். இரண்டு நாட்டு இமிக்ரேஷனும் ஒரே ஸ்டேஷனுக்குள் இருக்கு, வரிசையில் நின்றால் போதும். ஆனால் கடிகாரம் மாறும். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் இருக்கிற நேரம் எந்த நாட்டு நேரம்னு பார்க்காதவர், பார்டரில் ரயிலைப் பார்த்து டாட்டா காட்ட வேண்டியதுதான்.

"கம்போடியாவும் பக்கம்தானே?" என்று கேட்கலாம். 2025 ஜூலையில் தாய்லாந்து - கம்போடியா எல்லையில் சண்டையே நடந்தது. தரைவழிப் பாதைகள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. அந்தப் பாதையை நம்பித் திட்டம் போட்டவங்க கடைசி நிமிஷத்தில் விமான டிக்கெட் எடுக்க வேண்டியிருந்திருக்கும். தாய்லாந்துக்குள்ளேயும் மலேசிய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள பட்டானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களில் பல வருஷமா வன்முறை இருக்கு. சுங்கை கோலோக் பக்கம் போகாமல் பாடாங் பெசார் வழியைச் சொல்வது அதனால்தான்.

எப்போ போகலாம்?

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கு. தென்மேற்குப் பருவமழை எப்போ வரும், வடகிழக்கு எப்போ வரும்னு குற்றாலத்துக்காரங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஜூன், ஜூலையில் இங்கே சாரல் அடிக்கும்போது அதே தென்மேற்குக் காற்றுதான் தாய்லாந்தின் மேற்குக் கரையில், புக்கெட், கிராபி பக்கம் கொட்டித் தீர்க்குது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவம். அப்போ தாய்லாந்து வளைகுடாக் கரையிலும் மலேசியாவின் கிழக்குக் கரையிலும் மழை. 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. நம்ம ரயில் வழி அந்த ஊர் மேலேதான் போகுது.

அதனால நவம்பரைத் தவிருங்க. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். மே, ஜூன் லீவில்தான் முடியும்னா போகலாம், ஆனா மேற்குக் கரைத் தீவுகளை விட்டுடுங்க.

சீசன் விலையும் நமக்குத் தெரிந்த கதைதான். சாரல் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் லாட்ஜ் வாடகை என்ன, மார்ச் செவ்வாய்க்கிழமை என்ன? அங்கேயும் அப்படியே. சீனப் புத்தாண்டுக்கு மலேசியா, ஏப்ரல் நடுவில் சொங்க்ரான் பண்டிகைக்குத் தாய்லாந்து, டிசம்பர் கடைசி வாரம் இரண்டு இடமும் விலை ஏறும், ரயில் டிக்கெட் கிடைக்காது.

கணக்கு: 12 நாள், 11 இரவு

கோலாலம்பூரில் 3 இரவு, பினாங்கில் 3, ரயிலில் 1, பாங்காக்கில் 3, அயுத்தயாவில் 1. ஒரு ரிங்கிட் சுமார் 22 ரூபாய், ஒரு பாட் சுமார் 2.80 ரூபாய் என்று வைத்து ஒரு ஆளுக்குப் போட்ட மதிப்பீடு இது. விலை மாறும், நீங்க போடும்போது எண்களை மாத்திக்கோங்க:

- விமானம், போக வர இரண்டும்: 19,000
- ஊரில் இருந்து ஏர்போர்ட், திரும்ப: 1,000
- ரயில், பஸ், படகு (ஊர் விட்டு ஊர்): 5,500
- தங்குமிடம், ஹாஸ்டல் டார்மில் 10 இரவு: 9,000
- சாப்பாடு, நாளுக்கு 700 வீதம்: 8,400
- உள்ளூர் மெட்ரோ, பஸ்: 3,000
- நுழைவுச் சீட்டுகள்: 3,000
- சிம், பயணக் காப்பீடு: 2,300

மொத்தம் 51,200. இதற்கு மேல் தொடக்கூடாத பணம் 10,000. ஆக கையில் 61,000 இருந்தால் கிளம்பலாம். நாற்பதாயிரத்தில் ஐந்து நாடு ஏன் நடக்காதுன்னு இப்போ தெரிஞ்சிருக்கும்.

இதில் சிங்கப்பூரைச் சேர்த்துப் பாருங்க. இந்தியர்களுக்கு விசா வேணும், கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதாவது இரண்டாயிரம் ரூபாய். ஏஜென்ட் கட்டணம் தனி. டார்ம் படுக்கையே ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரம் பக்கம் வரும். இரண்டு ராத்திரிக்குப் பத்தாயிரம் ஓடிடும். வியட்நாம் என்றால் இ-விசா 25 அமெரிக்க டாலர், பாங்காக்கில் இருந்து தனி விமானம். அதுவும் பத்தாயிரத்துக்குக் குறையாது. ஒரு நாட்டை வெட்டினால் அந்தக் காசில் பினாங்கில் இன்னும் ஐந்து நாள் நிம்மதியா இருக்கலாம்.

செலவு எங்கே குறையும்?

சாப்பாட்டில் நல்லாவே குறையும். மலேசியாவில் தமிழ் பேசத் தெரிந்தால் பாதி வேலை முடிஞ்சது. மாமாக் கடையில் ரொட்டி சானாய் இரண்டு ரிங்கிட் அளவில் கிடைக்கும். நம்ம பரோட்டாவுக்குச் சித்தப்பா மகன்னு வச்சுக்கோங்க. பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-ல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர், முழுக்க நடந்தே பார்க்கலாம், நடக்கக் காசு இல்லை. பத்துமலைக்கு கோலாலம்பூரில் இருந்து உள்ளூர் ரயிலே போகுது. முருகன் குகைக் கோயிலுக்கு டிக்கெட் இல்லை. பாங்காக்கில் இருந்து அயுத்தயாவுக்கு மூன்றாம் வகுப்பு ரயில் இருபது பாட் அளவுதான். பாங்காக் சீலோம் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கு, ஊர் ஞாபகம் வந்தால் போயிட்டு வாங்க.

பணம் ஒழுகுற ஓட்டை வேற இடத்தில் இருக்கு. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் மூன்று, மூன்றரை சதவீதம் வரை வங்கி பிடிக்கும். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் தனிக் கட்டணம். பத்து தடவை சின்னச் சின்னதா எடுத்தால் ஐயாயிரம் ரூபாய் காலி. இரண்டே தடவை, பெரிய தொகையா எடுங்க. கடை மெஷின் "ரூபாயில் கட்டவா, உள்ளூர் பணத்தில் கட்டவா" என்று கேட்டால் எப்பவும் உள்ளூர் பணம். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைக்கிறார்.

கிளம்புவதற்கு முன்னாடியே வங்கி ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டை ஆன் பண்ணிடுங்க. இந்தியக் கார்டுகளில் அது முதலில் மூடித்தான் வரும். ஓடிபி வர உங்க இந்திய சிம்மில் ரோமிங் எஸ்எம்எஸ் வேலை செய்யுதான்னும் பாருங்க. இன்டர்நெட்டுக்கு உள்ளூர் சிம் போதும்.

பாஸ்போர்ட்டும் இனிஷியலும்

எல்லாத்துக்கும் முன்னாடி பாஸ்போர்ட். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, திருநெல்வேலி சேவா கேந்திரத்தில் தேதி எடுக்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 10 வருஷம் செல்லும். அவசரம்னா தத்கால், கூடுதலா 2,000. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் கொண்டு போங்க. அது இருந்தால்தான் குடியேற்றச் சோதனை தேவைப்படாத வகையில் பாஸ்போர்ட் கிடைக்கும். போலீஸ் விசாரணை நீங்க கொடுத்த முகவரிக்கு வரும். அன்றைக்கு நீங்க ஹாஸ்டலில், முகவரி வீட்டில் என்றால் இழுக்கும். லீவு நாளாப் பார்த்து விண்ணப்பியுங்க, ஒரு மாசம் கணக்கில் வையுங்க.

நமக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கு: இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, "எஸ். கார்த்திக்" என்றால் வேலை முடிஞ்சது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதணும். நிறையப் பேர் முழுப் பெயரையும் முதல் கட்டத்தில் போட்டு, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியா விட்டுடுறாங்க. அப்புறம் விமான டிக்கெட் தளம் அந்தக் கட்டத்தைக் கட்டாயம் கேட்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா அனுமதியையே நிறுத்தியது. புதுசா எடுப்பவர்கள் அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுவது பின்னாடி நிறைய வேலையைக் குறைக்கும். ஏற்கெனவே காலியா இருந்தால் அந்த விமான நிறுவனம் சொல்லும் முறைப்படி நிரப்புங்க. டிக்கெட்டில் ஒரு எழுத்தும் பாஸ்போர்ட்டுக்கு மாறக் கூடாது. பயண நாளில் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாசம் செல்லுபடியா இருக்கணும்.

இமிக்ரேஷன் ஏன் நம்மைக் கேள்வி கேட்குது?

ஏர்போர்ட்டில் இருபது வயசுப் பையன் தனியா தாய்லாந்து கிளம்பினால் அதிகாரி நாலு கேள்வி கூடக் கேட்பார். கோபப்படாதீங்க, காரணம் இருக்கு. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விட்டது. தாய்லாந்தில் "டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்" வேலை என்று சொல்லி, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலை வாங்குறாங்க என்பதுதான் அது. தமிழ்நாட்டு இளைஞர்களும் மியாவாடி பகுதியில் மாட்டி, மீட்கப்பட்டிருக்காங்க. அந்தக் கும்பல் தேடுற ஆள் யார்? இங்கிலீஷ் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும், வேலை தேடுறார், வெளிநாடு புதுசு. நம்ம ஃபைனல் இயரை அப்படியே வரைஞ்ச மாதிரி இல்லையா?

அதனால மூன்று விதி. சுற்றுலா அனுமதியில் வேலை கிடையாது. "டூரிஸ்ட்டா வாங்க, அங்கே வந்ததும் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும், தெரிந்த அண்ணனாகவே இருந்தாலும், பதில் வேண்டாம் என்பதுதான். பயண வழியில் பழக்கமானவர் பார்டர் பக்கம் வேலை, பார்ட்டி என்று அழைத்தால் போகாதீங்க. பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகு மாதிரி விட்டுட்டு வராதீங்க.

அதிகாரி கேட்டால் காட்ட ஒரு ஃபைல் வையுங்க: திரும்பும் டிக்கெட், முதல் சில நாள் தங்குமிட முன்பதிவு, காப்பீடு, வங்கி இருப்பு, கல்லூரி அடையாள அட்டை. எல்லாம் காகிதத்தில்; போன் சார்ஜ் இறங்கினாலும் காகிதம் இறங்காது. லேப் ரெக்கார்டை விட இதை ஒழுங்கா வையுங்க. இதே ஃபைலின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். எந்த நாள் எந்த ஊர், எந்த ஹாஸ்டல், இந்தியத் தூதரக எண் எல்லாம் அதில் இருக்கணும். வீட்டில் சம்மதம் வாங்கவும் இதுதான் வழி. "நம்பும்மா" என்பதை விட நாலு பக்கத் தாள் நல்லா பேசும். பெண்களுக்குத் தனி டார்ம் உள்ள ஹாஸ்டல்கள் இரண்டு நாட்டிலும் நிறைய இருக்கு, அதையும் தாளில் காட்டுங்க.

பையில் என்ன, என்ன கூடாது?

மலிவு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். ஐந்து செட் துணி, மழைக்கோட்டு, செருப்பு, மருந்து, சார்ஜர். பவர் பேங்க் கைப்பையில்தான் வரணும். அடுத்தவர் பார்சல் ஒன்றுகூட வாங்காதீங்க. மலேசியாவில் போதைப்பொருள் வழக்குக்கு மரண தண்டனை வரை இருக்கு. சிங்கப்பூர் வழியா போறவங்க கசகசாவையும், அது சேர்த்த மசாலாவையும் எடுத்துட்டுப் போகாதீங்க, அங்கே தடை. தாய்லாந்தில் இ-சிகரெட் தடை.

பைக் வாடகை எடுக்க ஆசைன்னா, தென்காசி ஆர்டிஓவில் 1,000 ரூபாய்க்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்கலாம். அதில் இருசக்கர வாகனமும் இருக்கணும். அது இல்லாமல் விழுந்தால் போலீஸ் அபராதம் ஒரு பக்கம். காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரி பில்லைத் தராமல் கைவிரிக்கும் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் லட்சத்தில் வரும்.

முதலில் ஒரு ஒத்திகை

அறுபதாயிரம் போடுவதற்கு முன்னாடி மூவாயிரம் போட்டு ஒரு ஒத்திகை பாருங்க. அதே பை, அதே 7 கிலோ. தென்காசியில் கொல்லம் ரயில் ஏறி, பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்துக்கிட்டே போய், கொல்லம், வர்க்கலா, திருவனந்தபுரம் என்று நாலு நாள். டார்மில் தங்குங்க. தினமும் ராத்திரி செலவை எழுதுங்க. கூட வர்றவரோடு நாலு நாள் ஒத்துப்போகுதா, ஒன்பது பேர் குறட்டைக்கு நடுவில் தூக்கம் வருதா, பை தோள்பட்டையை அறுக்குதா எல்லாம் அங்கேயே தெரிஞ்சிடும். ஒத்து வரலைன்னா மூவாயிரத்தோடு போச்சு.

பாஸ்போர்ட் வரத் தாமதமானால் நேபாளம் இருக்கு. வாக்காளர் அட்டையே போதும், விசா வேண்டாம். திருவனந்தபுரத்தில் கிளம்பும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோரக்பூர் வரை போகும், அங்கிருந்து சுனௌலி எல்லை பஸ் தூரம்தான். ஒரே ஒரு நாடு போதும் என்பவர்களுக்கு இலங்கை: 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் மழைக்காலம் போக மற்ற நாட்களில் ஓடுது, யுபிஐயும் அங்கே பல கடைகளில் வேலை செய்யும்.

கடைசியா, கால அட்டவணை. ஆறு மாசம் முன்பு பாஸ்போர்ட். நாலு மாசம் முன்பு ஒத்திகைப் பயணம். மூணு மாசம் முன்பு விமான டிக்கெட், இரண்டையும் ஒரே நாளில். ஒரு மாசம் முன்பு பாங்காக் ஸ்லீப்பர் டிக்கெட், ஹாஸ்டல், காப்பீடு. மூணு நாள் முன்பு மலேசிய அரைவல் கார்டு. பினாங்கில் இருக்கும்போது தாய்லாந்து கார்டு. மாசம் ஐயாயிரம் சேர்த்தால் 61,000 வர ஒரு வருஷம். இரண்டாம் வருஷத்தில் சேர்க்கத் தொடங்கினால் மூன்றாம் வருஷ லீவுக்குக் கிளம்பலாம். அதுவரை அரியர் விழாமல் பார்த்துக்கோங்க, அரியர் ஃபீஸும் இந்தக் கணக்கில்தான் கை வைக்கும்.